ஒரு நாளைக்கு ஒரு வசனம்

அவள் மேல் எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது.

சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். கோயிலில் கைக்குழந்தையோடு நின்றாள். பாவம், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று மனமிரங்கிப் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவளுக்காகக் கதைத்ததும் நான். ஜெர்மன் மொழியை நாங்கள் டொச் என்போம். "இவர் நல்லவர், நன்றாக வேலை செய்வார்" என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் டொச் இருந்தது. அவள் வாய் திறக்காமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அந்த நிற்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்.

அவளிடம் நீல மட்டை போட்ட தடித்த கொப்பி ஒன்று இருந்தது. காலை ஒன்பது மணி இடைவேளையில் நாங்கள் தேத்தண்ணியும் பாணுமாக இருக்க, அவள் கொப்பியைத் திறந்து, மேலே திகதி போட்டு, டொச்சில் ஒரேயொரு வசனம் எழுதுவாள். பக்கத்தில் இருக்கும் சுவிஸ்காரி அதைத் திருத்திக் கொடுப்பாள். பிறகு அந்த வசனத்தை அன்றைக்கே யாராவது ஒருவரிடம் வாயால் சொல்லவேண்டும். அது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். பஸ் சாரதிக்குச் சொல்வாள், தபால்காரருக்குச் சொல்வாள். "இன்றைக்கு சூப்பில் உப்புக் குறைவு, மன்னியுங்கள்" என்று பன்னிரண்டாம் அறைக் கிழவரிடம் சொல்லி, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளோடு கால் மணித்தியாலம் கதைத்ததை நான் கண்ணால் கண்டேன். அந்த மனிசன் எனக்கு ஒரு காலை வணக்கத்துக்கு மேல் சொன்னதில்லை.

"ஒரு வசனத்தை வைச்சு என்ன செய்யப்போறீர்? மாளிகை கட்டப்போறீரோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு எழுத வெளிக்கிட்டா அடுத்த நாள் பஞ்சி வந்திடும் அக்கா. ஒண்டெண்டாக் காய்ச்சலோடையும் எழுதலாம்."

எனக்கு எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை, மகள் இருந்தாள். இங்கே எங்கள் சனம் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போய் டொச் கதைக்கத் தொடங்கியதும் வீட்டு டெலிபோனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். எட்டு வயதில் டாக்டருக்கு அவள்தான் அடிப்பாள். கடிதங்களை அவள்தான் வாசிப்பாள். பெற்றோர் சந்திப்பில் அவளுடைய ஆசிரியை முகத்தைச் சுருக்கிக்கொண்டு பத்து நிமிடம் கதைப்பார். மகள் என் பக்கம் திரும்பி "நல்லாப் படிக்கிறனாம்" என்பாள். நானும் பெரிதாகச் சிரித்து நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

கொப்பிக்காரியின் பிள்ளை அப்போது தொட்டிலில் கிடந்தது. அது யாருக்கு டெலிபோன் அடிக்கும்?

நாலு வருடம் போனது. சமையலறை டெலிபோன் மணி அடித்தால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். மாடிகளிலிருந்து யாருக்குப் பத்தியம், யாருக்கு அரைத்த சாப்பாடு என்று சொல்ல, அவள் கேட்டு எழுதுவாள், நான் தட்டுக் கழுவுவேன். டொச் சோதினை எடுத்துப் பாஸ் பண்ணிய அன்று வடை சுட்டுக்கொண்டு வந்தாள். நான் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "உழுந்து காணாது, குறைவு" என்றேன். உழுந்து காணும். நல்ல வடை. இரண்டாவதையும் எடுத்துத் தின்றேன்.

அந்தச் சோதினைத் தாள்தான் எனக்கும் வேண்டியிருந்தது. வீட்டில் கணவருக்கும் மகளுக்கும் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது. டொச் பாஸ் பண்ணாமல் நான் அதற்கு விண்ணப்பிக்க ஏலாது. லண்டனில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது அவர்கள் இருவரும் நினைத்தவுடன் டிக்கெட் போட்டார்கள். எனக்கு விசா வேண்டும். இன்னொரு ஆவணம் அனுப்பச் சொல்லி வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, மகள் பள்ளிச் சுற்றுலாவால் வரட்டும் என்று அலுமாரியில் வைத்தேன். அவள் வந்து வாசித்தபோது தவணை கடந்துவிட்டது. தாலி கட்டியதை நான் மணமகளின் சிநேகிதி ஒருத்தி பிடித்த போனில் பார்த்தேன். வேறு யாருடைய பிழையும் இல்லை.

அதற்கு அடுத்த கிழமைதான், உடுப்பு மாற்றும் அறையில், நாங்கள் இருந்து சப்பாத்து மாற்றும் வாங்கில் அந்த நீலக் கொப்பி தனியாகக் கிடந்தது. எடுத்து என் பைக்குள் வைத்தேன். படிக்கத்தான் எடுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அது அவளிடம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் அலமலந்து தேடினாள். என்னிடமும் கேட்டாள். "நான் காணேல்லை" என்றேன். ஒன்பது மணி ஆனதும் பழைய சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மேலே திகதி எழுதி, கீழே தன் ஒரு வசனத்தை எழுதினாள்.  கொப்பியை எடுத்தும் ஒரு நாளைக்கூட அவளிடமிருந்து என்னால் பறிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் கதவைத் திறக்க வீட்டுத் திறப்பைத் தேடி மகள் என் பைக்குள் கை விட்டாள். கொப்பியைத்தான் வெளியே எடுத்தாள். மட்டையில் பெயர் இல்லை. உள்ளே முழுக்க சமையலறை, சூப், உப்பு, பன்னிரண்டாம் அறை.

"அம்மா, இது நீங்களோ எழுதினது?"

என் டொச் எழுத்தை அவள் ஒருநாளும் கண்டதில்லை. எழுதியிருந்தால்தானே காண்பதற்கு. அவள் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் அவளுடைய எந்தப் பிறந்தநாளிலும் கண்டதில்லை.

"ஓம்" என்றேன்.

சப்பாத்தையும் கழற்றாமல் கதவடியில் குந்தி ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். "நாலு வருசமாவோ அம்மா? ஒவ்வொரு நாளுமோ?" என்றாள். பிறகு மெல்லமாக, "அப்ப இனி நான் உங்களுக்காகக் கதைக்கத் தேவையில்லை, என்ன?" என்றாள். பாரச் சாமானை இறக்கி வைத்த ஆளின் குரல் அது. இத்தனை வருடமும் அவள் எதையோ சுமந்துகொண்டு நின்றது எனக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே போனில் எனக்குச் சோதினைக்குப் பதிந்துவிட்டாள். மூன்று மாதம் இருந்தது.

மறுநாள் எனக்கு லீவு. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கொப்பியின் அடுத்த வெறும் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வசனம். ஒரு மணித்தியாலம் எடுத்தது. அவள் இதைக் காய்ச்சலோடும் செய்தாள் என்று நினைக்க மறுபடியும் எரிச்சல் வந்தது. எரிச்சலோடுதான் எழுதி முடித்தேன்.

அடுத்த நாள் வேலையில், ஒன்பது மணி இடைவேளைக்குக் கொப்பியை அவள் முன்னால் வைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். டொச்சில் என் கோணல் எழுத்து: "இந்தக் கொப்பியை எடுத்தது நான்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன்.  அவள் பேனையை என் பக்கம் தள்ளினாள்.

"திகதி போடேல்லை அக்கா."

போட்டேன். அந்தத் தாளை மட்டும் மெதுவாகக் கிழித்து என்னிடம் தந்துவிட்டுக் கொப்பியைத் தன் பைக்குள் வைத்தாள்.

"இதை இண்டைக்கு ஆருக்காவது வாயாலை சொல்லவேணும். எனக்குச் சொன்னாக் காணாது. நான் வாசிச்சிட்டன்."

பஸ் சாரதிக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏறியதும் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு பின்னால் போய் இருந்தேன். தபால்காரரைக் காணவில்லை. வீட்டுக்கு வந்தபோது மகள் குசினி மேசையில், சோதினைக்கு எனக்கென்று எடுத்து வந்த புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே டொச்சில் சொன்னேன். "அந்தக் கொப்பியை எடுத்தது நான்."

அவள் கை நின்றது. விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அதை நான் நின்று பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு அவளும் டொச்சிலேயே கேட்டாள். பிறந்ததிலிருந்து என்னோடு அவள் டொச் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"அப்படியென்றால் பரீட்சையை நிறுத்தட்டுமா?"

ஒருவரும் சொல்லித் தராமலே கேள்வி எனக்கு விளங்கியது.

"நிறுத்த வேண்டாம்" என்றேன், டொச்சில்.

 அவள் உறையின் மற்ற மூலையை மடித்து ஒட்டினாள்.