பொதுச்சுவரில் இருந்த வெண்டிலேட்டர்

உளி அடிக்கும் சத்தத்தைக் காதுக்கு முன்னால் என் பல்தான் உணர்ந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் தாடை அதிர்ந்தது. நிமிர்ந்தபோது, அம்மா மிஷினில் தைத்துக்கொண்டிருந்த மணப்பெண்ணின் வெள்ளை ரவிக்கைமேல் செங்கல் பொடி மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது.

வடசேரியில் எங்கள் வீட்டுக்கும் தாசன் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்களுடைய ஓட்டுக்கூரை தாழ்வானது என்பதால், அதற்கு மேலே சுவரில் எங்களுக்கு ஒரு "வெண்டிலேட்டர்", காற்றும் வெளிச்சமும் வர விட்ட சிறு திறப்பு, இருந்தது. அந்த அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. அதன் வழியாக வந்தவற்றை இன்றும் வரிசையாகச் சொல்வேன்: காலை வெயில், சாரல், மேரி அத்தையின் மீன்குழம்பு மணம், அவர்கள் வீட்டுச் சண்டையில் பாதி. அம்மாவுக்கு வெயில் மட்டும் போதும். "டியூப் லைட்டுல வெள்ளையும் சந்தனக் கலரும் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்பாள்.

மஸ்கட்டிலிருந்து திரும்பியிருந்த மாமா, ஓடுகளை இறக்கிவிட்டு மாடி எடுக்க ஆரம்பித்திருந்தார். மாடியைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்தின், "பீமின்", முனையைச் சுவருக்குள் ஏற்றத்தான் அந்த உளி. அப்பா அங்கே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அத்தான், சொவர இடிக்கியளே, ஒரு வார்த்தை சொல்லல்லியே" என்றார் அப்பா, தாமே மன்னிப்புக் கேட்பதுபோல.

"நம்ம சொவருதானே மாப்ள. கேட்டா நீங்கதான் வருத்தப்படுவிய, இவன் நம்மள அன்னியனா நெனைக்கானேன்னு."

கொத்தனார் சிரித்தார். மேரி அத்தை கட்டன்சாயா கொண்டுவந்தாள். அப்பா குடித்துவிட்டுத் திரும்பினார்.

"சாயா குடிச்சாச்சா?" என்றாள் அம்மா. "அப்ப இனி என்னத்த கேக்க."

சில நாட்களில், பள்ளிவிட்டு வந்தபோது வெண்டிலேட்டர் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் அது மாடிப்படியின் சுவர்.

புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு, "மாப்ளதான் ஜெபம் பண்ணணும்" என்று மாமா பிடிவாதமாக நின்றார். சபையில் அப்பாவின் ஜெபத்துக்கு நல்ல பெயர் உண்டு. அவர் கண்களை மூடி, இந்த வீட்டின் சுவர்கள் என்றும் அசையாமல் நிற்க வேண்டும் என்று மன்றாடினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற அம்மாவின் குரல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. ஜெபம் பண்ணிக்கொடுத்த வீட்டைப் பற்றி அதன்பின் யாரிடம் போய்க் குறை சொல்வது?

நான் சிவில் படித்தேன். வீடுகளுக்கு வரைபடம் போடுவதே இப்போது வேலை. போன வருடம் எங்கள் வீட்டையும் இடித்துக் கட்ட, அம்மாவின் மிஷினுக்கென்று ஒரு பெரிய ஜன்னலோடு பிளான் வரைந்தேன். பிறகு சுவரைப் பரிசோதித்தேன். எங்கள் வீட்டை இடித்தால் அது தனியாக நிற்காது. அது சாய்ந்தால் அவர்கள் மாடியும் கூடவே வரும். அவர்கள் பக்கம் தூண் எழுப்பி பீமைத் தாங்கினால்தான் நாங்கள் ஒரு செங்கல்லையாவது அசைக்க முடியும். அதைக் கேட்கப் போனேன். மாமா முடியாமல் படுத்திருந்தார், அத்தைதான் பேசினாள்.

"தூணு வந்தா ஹாலு போச்சுல்லா. பிளான் வரைக்க முன்ன எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மக்கா."

அத்தை குத்தலாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்தது உண்மையான வருத்தம்.

"என்ன சொன்னாவ?" என்று அம்மா கேட்டாள். யோசித்துச் சொல்வார்களாம் என்றேன். பிளான் இன்னும் சுருட்டியபடியே இருக்கிறது. அம்மாவிடம் இப்போது கல்யாணத் துணிகள் வருவதில்லை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் தலையணை உறைகளுக்கு ஓரம் அடிக்கிறாள். அதற்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை.