நீராவி எஞ்சின் கடந்துபோன ஞாயிற்றுக்கிழமை

அவரை முதன்முதலாகப் பார்க்க ரயில்வே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது நான்தான். ஹோட்டல் என்றால் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. பிளாட்பாரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குத் தனியாக வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாயப்பட்டறையிலிருந்து துணி ஏற்றிவரும் வேன் டிரைவர், மனைவியை இழந்தவர். கம்பெனியில் டெய்லராக இருந்த அக்கா ஒருத்திதான் எங்கள் இருவரிடமும் கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

சாயங்காலம். மழை தூறி ஓய்ந்திருந்தது. அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, எங்கள் நடுவில் ஒரு கவர் கொய்யாப்பழத்தை வைத்தார்.

"பஸ்ல எடம் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது."

நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வேண்டாம் என்பதை நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நிற்காமல் போகும், தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. பிறகு ஓர் ஊதல். தினமும் கேட்கிற ஹாரன் இல்லை. நீளமாக, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஊருக்குப் போக மூட்டைகளோடு காத்திருந்த இந்திக்காரர்கள் எல்லோரும் எழுந்து போனை உயர்த்தினார்கள். பழைய காலத்து நீராவி எஞ்சினாம், எங்கேயோ கண்காட்சிக்குப் போகிறதாம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு, நடந்து வருவதுபோல மெதுவாக வந்தது. எங்களைத் தாண்டும்போது பக்கவாட்டில் புஸ்ஸென்று நீராவியை விட்டது.

எல்லாம் மறைந்துவிட்டது. தூண், கடிகாரம், எதிர் பிளாட்பாரம், என் கைகள்கூட. முகத்தில் வெதுவெதுப்பான ஈரம். கரி வாசனை. சக்கரங்களின் சத்தம் மட்டும் பெஞ்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலில் பாதி உறக்கத்தில் கிடப்பதுபோல இருந்தது. நான் இருந்தது திருப்பூரா, எங்கள் ஊரா, எனக்கு என்ன வயது, எதுவும் பிடிபடவில்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"ஏனுங்க… இருக்கறீங்களா?"

அவர் கையை நீட்டித் துழாவவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்க?" என்றேன்.

"நானும் இங்கதானுங்க இருக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சிரிப்பைத்தான் நான் தெரிந்துகொண்டேன். நீராவி மெல்ல விலகியபோது முதலில் சட்டை தெரிந்தது, பிறகு நெற்றியில் ஒரு கரித்துகளோடு அவர். அடுத்த ஸ்டேஷனான ஊத்துக்குளிப் பக்கம் எஞ்சின் புகை கரையும்வரை அதையே பார்த்துக்கொண்டு, கொய்யாப்பழம் தின்றோம்.

சரி என்று சொல்ல எனக்கு இன்னும் நான்கு மாதம் ஆனது. இப்போது திருப்பூரிலேயே ராயபுரத்தில் குடியிருக்கிறோம். அன்றைக்கு அந்த எஞ்சின் எங்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றது என்பார் அவர். நிற்கவே இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். பிறகு எனக்கே சந்தேகமாகிவிடும்.