எக்கோ அடாப்டர்

ஜெபக்குமார் எந்த அடாப்டரையும் முதலில் காதில்தான் வைப்பார். சுவரில் சொருகிவிட்டுக் கண்ணை மூடி, உள்ளே மெல்லிய கீச்சொலி வருகிறதா என்று கேட்பார். மீட்டரெல்லாம் அதற்குப் பிறகுதான். "மூச்சு இருக்கான்னு மொதல்ல பாக்கணும்லா" என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பால்கோவாக் கூடத்துக்கு எதிரே அவருடைய மைக்செட் கடை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். யாராவது வயரை அடாப்டர் மேலேயே இறுக்கிச் சுற்றி வைத்திருந்தால் கேட்காமலே பிடுங்கி அவிழ்ப்பார். "கழுத்த நெரிச்சா அது எப்படிப் பேசும்?"

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் லேபிள் மிஷின் உயிர்பெறவில்லை. கைக்குள் அடங்குகிற சின்ன மிஷின். தயாரித்த தேதியை அச்சடித்துத் துண்டுதுண்டாகத் தரும். சென்னைக் கடைக்காரர்கள் கையால் எழுதிய தேதியை ஏற்பதில்லை. சாயங்கால ரயிலை விட்டால் அன்று கிண்டியதெல்லாம் பழசாகிவிடும். கூடத்தை நடத்தும் இசக்கியம்மாள் ராஜபாளையம் வரை போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தார். முனை கச்சிதமாகப் பொருந்தியது. விளக்குதான் எரியவில்லை.

தெருமுனை மண்டபத்தில் ஒரு காதுகுத்துக்கு செட் போட்டுக்கொண்டிருந்த ஜெபக்குமார், தோளில் பாதி வயரோடு வந்தார். பழைய அடாப்டரைக் காதில் வைத்து உதட்டைப் பிதுக்கினார். மீட்டரும் அதையே சொன்னது. மிஷினின் பேட்டரி அறையைத் திறந்தார். நாங்கள் கழற்றாமல் விட்ட பேட்டரிகள் கசிந்து ஸ்பிரிங்கை அரித்திருந்தன; பேட்டரி போட்டு ஓட்டவும் வழியில்லை. பிறகு முனையில் பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்று காட்டும், புது அடாப்டரில் இருந்த வட்டப் படத்தையும் மிஷினின் முதுகில் இருந்த வட்டப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யக்கா, இத எம்புட்டு நேரம் சொருகி வச்சிருந்திய?"

"செத்த நேரந்தாம்லே. எரியலன்னதும் உருவிட்டேன்."

"ஒங்க மிசினுக்கு நடுவுல மைனஸ் வரணும். இதுல நடுவுல பிளஸ். அளவு சரியா இருக்குன்னு எடக்கால் செருப்பா ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கிய."

"கேலி பண்ணாதலே. மிசின் செத்துப் போச்சா, அதச் சொல்லு."

அவர் மண்டபத்துக்குப் போய் ஒரு கறுப்பு அடாப்டரோடு திரும்பினார். மைக்கில் பேசுவதை எதிரொலிக்க வைக்கும் அவருடைய எக்கோ பெட்டிக்கு உரியது அது. "இதுக்கும் நடுவுல மைனஸ்தான். வோல்ட்டும் அதே ஒம்பது. ஆம்பியர் கூட இருக்கு. கொறஞ்சாத்தான் வம்பு." சொருகினார், காதில் வைத்தார், மிஷினின் பொத்தானை அழுத்தினார். சின்னத் திரையில் எழுத்து தெரிந்தது. முதல் லேபிள் நாக்கு நீட்டுவதுபோல வெளியே வந்தது. இசக்கியம்மாள் அதைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏலே ஜெபம், தாய்மாமன் சீருக்கு எக்கோ இல்லன்னா அவிய ஒன்ன விடுவாவளா?"

உண்மைதான். அந்த எக்கோவுக்காகத்தான் இந்த வட்டாரத்தில் ஜெபக்குமாரைத் தேடி வருவார்கள்.

"ஒங்க பெட்டி மொதல்ல ரயில் ஏறட்டும்க்கா. பொறவு பாத்துக்கிடலாம்" என்று வயரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

கடைசிப் பெட்டியும் ஆட்டோவில் ஏறியதும், வயரைத் தளர்வாகச் சுற்றி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். முதல் லேபிள் ஒட்டிய பெட்டியை அவருக்கென்று இசக்கியம்மாள் கொடுத்திருந்தார். அதற்குள் சீர்த்தட்டுகள் வாசலுக்கு வந்துவிட்டன. மைக்கில் ஜெபக்குமாரின் குரல்: "தாய்மாமன் சீர் வருகிறது... வருகிறது... கிறது... து..."

எக்கோ எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குரலைக் கொஞ்சம் தேய்த்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் என்று விலக்கிக்கொண்டே போனார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் அடாப்டரை நீட்டினேன். இருங்கள் என்று இடக்கையால் சைகை காட்டிவிட்டு, மூச்சை இழுத்து, மைக்கை மறுபடி வாயருகே கொண்டுவந்தார்.