கை என்னுடையது, குரல் வேறொருவருடையது

தென்னேரி ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கழனி உண்டு. கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறார். பயிர் என் பொறுப்பு. விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் வீடியோ எடுக்க ஒரு குழு வந்தபோது, விதைநெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதை நான்தான் செய்து காட்டினேன். முட்டை மிதக்கும் அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, நெல்லைக் கொட்டி, மிதந்ததை அரித்து எடுத்தேன். அடியில் தங்கிய நெல்லை உப்புப் போகக் கழுவினேன். செய்துகொண்டே பேசினேன்.

வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. அதில் என் கைகள் இருந்தன, வளையல்கள் இருந்தன. குரல் யாரோ ஓர் ஆணுடையது. கழுவுகிற பகுதியே இல்லை. உப்போடு விதைத்தால் நெல் எப்படி முளைக்கும்?

படம் எடுத்த பையனுக்குப் போன் செய்தேன்.

"நீளமா இருக்குதுன்னு கட் பண்ணிட்டாங்கக்கா. லேடீஸ் வாய்ஸ்ல சொன்னா ஆம்பளைங்க கேக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்ல வேற ஒருத்தர பேச வெச்சாங்க. எல்லாருக்கும் போயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

என்னால் முடியும். பக்கத்துக் கழனிக்காரியிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். வரப்பில் அண்டாவை வைத்து முதலிலிருந்து செய்தேன். முகம் தெரியத்தான் நின்றேன்.

"போன வீடியோவுல இருந்த கை என்னோடது. குரல் என்னோடது இல்ல. கழுவாம விதைக்காதீங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் என் நம்பரையும் சொன்னேன். அதை வாட்ஸ்அப்பில் போட்டேன்.

கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மூஞ்சக் காட்டிக்கினுதான் பேசணுமா? ஊரே பாக்குது."

"ஊரு பாக்கணும்னுதான் மாமா போட்டேன்."

கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. அழித்துவிடு என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அழித்திருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து முசரவாக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"வீட்ல ஆம்பளைங்க இருந்தா குடுமா. விதைநெல் விஷயம்."

"கழனி பாக்கறது நான். கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க. இல்லன்னா வெச்சிடுங்க."

அவர் வைக்கவில்லை.

"உப்புத் தண்ணியில போட்டு எடுத்து வெச்சிருக்கேன்மா," என்றார். "இப்ப கழுவினா சரியாயிடுமா?"

"உடனே கழுவுங்க. தண்ணிய மாத்தி மாத்தி கழுவணும். நாக்குல வெச்சா கரிக்கக் கூடாது."

இன்னும் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வைக்கும் முன், என் நம்பரை எந்தப் பேரில் போட்டுக்கொள்வது என்றார்.

"தென்னேரி விவசாயின்னு போட்டுக்குங்க" என்றேன்.