அம்மாவுக்குக் காட்டிய கப்பல்

திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள் நான். இந்த ஊருக்கு வந்த சாவுச் செய்திகளில் பாதி என் கை வழியாகத்தான் போயிருக்கும். பேசுகிறவர் மூச்சை இழுக்கிற விதத்திலேயே என்ன செய்தி என்று தெரிந்துவிடும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுப்புரத்திலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளுடைய அப்பா, இருதயநாதன் அண்ணன், போய்விட்டார். முகச்சவரம் செய்து, பிளேடைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலருக்கு அவரைக் 'கப்பல்காரர்' என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் கிழக்குக் கடலில் பீரங்கி சுட்ட கதையைச் சொல்லுவார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். கடைசியில் யாராவது ஒருத்தன் எழுந்து, அந்தக் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பான். அண்ணன் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிப்பார், கைக்குட்டையால் வாயைத் துடைப்பார், நேரமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். அவர் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலை நான்தான் எழுத வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஸ்டெல்லாவிடமும் சொல்லிவிட்டேன். "எழுதுங்க அத்தை, அப்பா சொன்னதுதானே" என்றாள்.

என் அண்ணன் ஏழுமலையும் அவரும் ஒரே நாளில் கடற்படைக்கு எடுக்கப்பட்டவர்கள். ஏழுமலை பெருமுக்கல் மலைக்குக் கீழே மல்லாட்டையும் கேப்பையும் விளைவித்த வீட்டுப் பிள்ளை. கடலையே பார்த்திராதவன். இருதயண்ணன் விழுப்புரத்துக்காரர். இருவருக்கும் ஒரே கப்பல் கிடைத்தது. அவருக்கு மேல்தளத்தில் பீரங்கி, இவனுக்கு அடியில் பாய்லர் அறை. "அம்மா, எனக்குக் கப்பலிலேயே சூடான இடம் கிடைத்திருக்கிறது. மார்கழிப் பனி என்னைத் தொடாது" என்று ஏழுமலை எழுதிய கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்தக் கப்பல் நம்மிடம் வரும்போதே கிழடு. வேறொரு தேசம் வேறொரு சண்டையில் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்தது. எழுபத்தொன்றில் அதை இரவு பகலாக முழு வேகத்தில் ஓட்டினார்கள். எதிரியின் குண்டு ஒன்றுகூட அதன் மேல் விழவில்லை. பாய்லர் அறையில் ஒரு பழைய நீராவிக் குழாய் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். ஏழுமலையும் அவர்களில் ஒருவன். கித்தானில் சுற்றி, கால்மாட்டில் இரும்பைக் கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது, பின்னால் ஒரு தகரப்பெட்டி வந்தது. உடம்பு வரவில்லை.

உடம்பைப் பார்க்காத தாயின் துக்கம் ஆறாது. ஊரார் கூடிக் கருமாதி செய்தார்கள். அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை செத்துவிட்டான் என்பதை ஏற்றுக்கொண்டாள். அவனைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்பதைத்தான் ஏற்கவில்லை. உயிர் போன இடம் கப்பல், அதனால் அவன் இருக்கிற இடமும் கப்பல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

சண்டை முடிந்து முதல் விடுப்பில் இருதயண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பிள்ளை எங்கே வேலை செய்தான் காட்டு என்றாள் அம்மா. அவர் சுவரில் தொங்கிய காலண்டரில் பழைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் என் பென்சிலால் கப்பலை வரைந்தார். இரண்டு புகைபோக்கி, முன்னும் பின்னும் பீரங்கி, கீழே அலை. முன் புகைபோக்கிக்கு நேர் கீழே, தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைத்தார். "இங்கதாம்மா" என்றார். அம்மா அந்தத் தாளைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றியதும் முருகனுக்கு ஒரு பொட்டு, அந்தப் புள்ளிக்கு ஒரு பொட்டு.

கல்லறைத் திருநாளில் அவருடைய ஆட்கள் தங்கள் குடும்பத்துக் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர் விழுப்புரத்தில் தன் அப்பா அம்மா கல்லறையில் ஏற்றிவிட்டு, ஒரு மெழுகுவத்தியை மிச்சம் வைத்து, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார். ஏழுமலைக்குக் கல்லறை இல்லை. அதனால் அந்தக் காலண்டர் தாளுக்கு முன்னால் ஏற்றுவார். விடுப்பு கிடைக்காத வருடங்களில் அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் அப்பா போன பிறகு அம்மா திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள், தாளும் கூடவே வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு வருடமும் தவறியதில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். கப்பல் எப்படி இருக்கிறது? "நல்லாத்தாம்மா இருக்குது. பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க" என்பார். கேப்பை அடையைத் தின்றுவிட்டுப் போவார்.

எழுபது வயது தாண்டியதும் அம்மா ஒரு நாள் அவரிடம் சொன்னாள். "ஏம்ப்பா இருதயம், நான் இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கப் போறேன்? அந்தக் கப்பல ஒரு தபா கண்ணால பாத்துட்றேன். கூட்டிக்கினு போ."

அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். வயதான அம்மாவை அலைக்கழிக்க யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த டிசம்பரில், சென்னைத் துறைமுகத்தில் பொதுமக்களைக் கப்பலுக்குள் விடுகிற நாளாகப் பார்த்து, ஒரு வேன் பிடித்து எங்களைக் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். வரிசையில் நின்றபோது கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன். அது ஏழுமலையின் கப்பலே இல்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "தனம், இப்ப வாயத் தெறக்காதம்மா. கீழ எறங்கினதும் சொல்றேன்" என்றார் மெதுவாக. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அம்மா மேல்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வருடக்கணக்காகப் பொட்டு வைத்த படமாயிற்றே, அவளை யார் ஏமாற்ற முடியும்? "படத்துல ரெண்டு பொகபோக்கி போட்டிருந்தியே இருதயம். இங்க ஒண்ணுதான கீது?"

"ஒண்ண எடுத்துட்டாங்கம்மா" என்றார் அவர். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கீழே இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. கீழ்த்தளத்துக்குப் போகிற இரும்பு மூடி ஒன்றுக்குப் பக்கத்தில் மாலுமி ஒருவர் காவல் நின்றார். இருதயண்ணன் அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு ஒதுங்கி நின்றார். அம்மா குனிந்து அந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். டிசம்பர் வெயிலில் காய்ந்த இரும்பு. "இன்னும் சூடாத்தாண்டா கீது" என்றாள், மகனிடம் பேசுகிற மாதிரி. இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்த கேப்பை அடையை மாலுமியிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா வேனில் தூங்கிவிட்டாள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலையின் கப்பல் எங்கே?

"கப்பலுக்குச் சாவு மூணு விதம்மா" என்று ஆரம்பித்தார். எதிரி அடித்து மூழ்கினால் அது வீரச்சாவு. உடைத்து இரும்பாக விற்றால் அது கிழச்சாவு. தினம் சவரம் செய்யும்போது பிளேடைத் தூக்கிப் பிடித்து, இது எந்தக் கப்பலை உடைத்த இரும்போ என்று வேடிக்கையாகக் கேட்கிற மனிதர் அவர். அன்று அந்த வேடிக்கை இல்லை. மூன்றாவது சாவு, சொந்த ஆட்களே சுட்டுப் பழகுவதற்காக நடுக்கடலில் நிறுத்தி வைப்பது. ஏழுமலையின் கப்பலுக்கு வாய்த்தது அதுதான். சண்டை முடிந்து சில வருடங்களில் அதிலிருந்த சாமான்களைக் கழற்றி, வெறும் கூடாக இழுத்துப் போய் நடுக்கடலில் நிறுத்தினார்கள். சுட வந்த கப்பலில் பீரங்கிக்குப் பொறுப்பாக இருந்தவர் இருதயண்ணன்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம். வேற எவனாவது சுட்டா அங்க இங்கன்னு அடிச்சுக் குத்துயிராக்கிடுவான். எனக்கு அதோட உள்ளு வெளி எல்லாம் தெரியும். ஜல்தியா முடிச்சிடலாம்னு நெனச்சேன்." டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு கப்பல் ஜல்தியா போகணும்னா எங்க அடிக்கணும் தெரியுமா? உங்கம்மா படத்துல தினம் பொட்டு வெக்கிறாங்களே, அங்க. அங்கதான் அடிச்சேன். மொத குண்டே சரியா போய் விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க."

அவர் நினைத்தபடி அது சீக்கிரம் முடியவும் இல்லை. "அது முழுகல தனம். மத்தியானம் பூரா நின்னுக்கினே இருந்துச்சு. நானும் சுட்டுக்கினே இருந்தேன்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த டீக்கடையில் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். பிள்ளை செத்த இடத்தையே குறி வைத்துச் சுட்டுவிட்டு, வருடா வருடம் வந்து அவன் தாய் கையால் அடை தின்றாயே என்று கேட்டேன். இனி என் வாசலை மிதிக்காதே என்றேன்.

அவர் மிதிக்கவும் இல்லை. அடுத்த கல்லறைத் திருநாளில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருதயத்துக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியவில்லையாம் என்று சொன்னேன். அவரைப் பொய்யன் என்று திட்டியவள் நான்தான். அவர் மெழுகுவத்தியைப் பஸ் நிலையத்துப் பூக்கடையில் கொடுத்து, என்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருந்தார். அதற்கடுத்த வருடமும் அப்படியே. இரண்டு தடவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவந்து ஏற்றினேன்.

மூன்றாம் வருடம் அம்மா போனாள். சாவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. "எம்புள்ள வேல செஞ்ச எடத்துல கைய வெச்சிட்டேன், போதும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் பிணம் கிடந்தபோது, தெருவில் எதிர்வீட்டு மதிலோரம் இருதயண்ணன் நின்றுகொண்டிருந்தார். வெயிலில், செருப்பைக் கழற்றிவிட்டு. நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். ஏழுமலை செய்ய வேண்டியதை என் தம்பி செய்தான். பாடையில் ஒரு பக்கம் இவர் தோள் கொடுத்தார்.

அவரை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. அவருடைய பொய்யில்தான் என் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அவர் மட்டும் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு கல்லறைத் திருநாளுக்குப் பழையபடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். போன வருடம் வந்தபோதுதான் இதை எழுதச் சொன்னார். "பசங்க கேக்கும்போது எனக்கு வாய் வரலம்மா. நான் போனப்புறம் நீ சொல்லிடு. சால்வை போத்தினவங்களுக்கும் தெரியட்டும்." சொல்லிவிட்டேன் அண்ணா.

இந்தப் புத்தகத்தின் அட்டைக்கு ஸ்டெல்லா ஒரு கப்பல் படம் கேட்டாள். அவர் வரைந்து கொடுத்த காலண்டர் தாளைத்தான் கொடுத்தேன். அம்மா வருடக்கணக்காகப் பொட்டு வைத்து வைத்து, அந்தப் புள்ளி இருந்த இடம் நைந்து, தாள் ஓட்டையாகிவிட்டது. அச்சகத்துக்காரர் போன் செய்து, முன் புகைபோக்கிக்குக் கீழே கிழிந்திருக்கிறதே, கம்ப்யூட்டரில் சரி செய்துவிடட்டுமா என்று கேட்டார். தொட வேண்டாம் என்று சொன்னேன். படத்தை அச்சடித்துவிட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்கள். இனி அது என்னிடம் இருக்கும். வருகிற கல்லறைத் திருநாளில் விழுப்புரத்தில் அவர் கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஒன்றை மிச்சம் வைத்து, பஸ் ஏறி வருவேன். அதை அந்த ஓட்டைக்கு முன்னால் ஏற்றுவேன்.