அக்கா நிறுத்திய மாத்திரைகள்

எங்கள் வீட்டில் கல்லூரிவரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் நான் சொன்னதற்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

எடை குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அக்கா, ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டியவள். கர்ப்பமானதும் அதை விழுங்கினாலே வாந்தி வந்தது.

"இன்னாடா பண்றது? நீதான படிச்சவன்" என்றாள்.

நான் தாவரவியல் மாணவன். "செடி வாடினாலும் விதை தனக்கு வேண்டியத இழுத்துக்கும்க்கா. பாப்பாவும் அப்படித்தான். மாத்திரைய நிறுத்திடு" என்றேன்.

"சரிங்க வாத்தியாரே" என்று சிரித்தாள்.

சத்தில்லாத செடியில் விதை பொக்காகிவிடும் என்பதையும் நான் படித்திருந்தேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

ஏழாம் மாதம் ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை. டாக்டரம்மா அக்காவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"குழந்த எடுத்துக்க உங்க உடம்புல சத்து இருப்பே இல்லையேம்மா. வாந்தின்னு வந்து சொல்லியிருந்தா ஊசியா போட்டிருப்போமே. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானேதான் விட்டுட்டேன்" என்றாள்.

இன்றும் தலைவலி, காய்ச்சல் என்றால் அம்மா என்னைத்தான் கேட்கிறாள். "டாக்டரப் போய்க் கேளும்மா" என்கிறேன். படித்தவன் ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். அக்கா மட்டும் கேட்பதில்லை.