செபாஸ்டியன் சொன்ன ஆறு மணி நேரம்

பினாங்குத் தீவில் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் செபாஸ்டியன், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. பைபிளுக்கு அடுத்தபடியாக அவர் நம்புவது ஆராய்ச்சியை. காப்பி கெடுதல் என்று ஓர் ஆராய்ச்சி வந்ததும் வீட்டில் காப்பியை நிறுத்தினார். இதயத்துக்கு நல்லது என்று இன்னொன்று வந்ததும் இரண்டு கோப்பையாகக் குடித்தார். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு செய்தார், அதுதான் அவரிடம் உள்ள அழகு.

ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கத்தையும் தூக்கத்தையும் பற்றிப் பெற்றோரிடம் விசாரிக்கப் பல்கலைக்கழக மாணவி சுஹானா வந்தாள். அன்று காலைதான் செபாஸ்டியனுக்கும் மகள் நடாஷாவுக்கும் ஹேண்ட்போனால் சண்டை.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாப்பாங்க, அங்கிள்?"

"நாலு... இல்லம்மா, ஆறுன்னே போடு லா."

"எத்தனை மணிக்குத் தூங்குவாங்க?"

ஒன்பதரைக்கே குறட்டை விடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? "ரெண்டு மணி!" என்று அடித்துவிட்டார். நண்பர் ஜெஃப்ரியோ, மனைவி பக்கத்தில் நின்றதால், "எங்க பையன் போனைத் தொடவே மாட்டான்" என்றார். பையன் தலை நிமிராமல் அதில்தான் விளையாடிக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் சுஹானாவின் ஆராய்ச்சி முடிவு செய்தித்தாளில் வந்தது: அதிகம் கைப்பேசி பார்க்கும் பிள்ளைகள் குறைவாகத் தூங்குகிறார்கள். செபாஸ்டியனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா? ஆராய்ச்சியே சொல்லிருச்சு!"

"அது நீங்க சொன்னதுதானேப்பா?" என்றாள் நடாஷா.

"நான் சொன்னா அது பேச்சு. பேப்பர்ல வந்தா ஆராய்ச்சி லா!"

அன்றிலிருந்து சாயங்காலமே ஹேண்ட்போன் அலமாரிக்குள் போனது. சாவி அவர் சட்டைப் பையில். ஆனால் மகளின் கண்ணுக்குக் கீழே கருமை கூடியதே தவிரக் குறையவில்லை. பள்ளி வேனில் தூங்கி வழிந்தாள்.

அவர் மனைவி லீனாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரின் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். வேலை முடிந்து, லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வீடு வர நள்ளிரவு ஆகிவிடும். விடுமுறை நாளில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது லீனா மகளிடம் கேட்டாள்.

"கெளம்புறேன்னு மெசேஜ் போட்டா ஏன்டி இப்பல்லாம் பதிலே இல்ல?"

"போன் அப்பாகிட்ட இருக்கும்மா. அதான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"தூங்கலியா நீ?"

"நீங்க வராம எனக்கு எப்பத் தூக்கம் வந்திருக்கு? சும்மா முழிச்சுக் கெடந்தா பயமா இருக்கும். அதுக்குத்தான் வீடியோ பாப்பேன்."

செபாஸ்டியனுக்கு வெட்கமாக இருந்தது. மனைவி பாலம் தாண்டும் நேரத்தில் இத்தனை நாளும் நிம்மதியாகக் குறட்டை விட்டவர் அவர்தான். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, ஹேண்ட்போனை எடுத்து மகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த சுற்றுக் கேள்விகளோடு சுஹானா மறுபடியும் கோயிலுக்கு வந்தாள்.

"உங்க மக எப்பத் தூங்குவாங்க, அங்கிள்?"

"அவங்கம்மா மோட்டார் சத்தம் கேட்டதும்."

"மணியா சொல்லுங்க அங்கிள். அப்படித்தான் எழுதணும்."

"மணியெல்லாம் தெரியாதும்மா. மோட்டார் சத்தம் கேட்டதும் தூங்குவா," என்றார் செபாஸ்டியன். "இப்ப நானும்தான்."